ஆல்பர்ட் காடு

கண்ணு,

நீயும் நோராவும் டெக்ஸஸில் பிளானோ போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கே எடிசனில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் இன்னும் கல்யாண வீடுதான். மீந்த லட்டு, உடைக்காத தேங்காய், யாரோ டப்பாவோடு விட்டுப்போன மல்லிகைப்பூ. உன் அப்பா காலையில் ஒரு லட்டு, சாயங்காலம் ஒரு லட்டு என்று தீர்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், "சுகர் டெஸ்ட்டு அடுத்த மாசந்தான புள்ள" என்கிறார். முந்தாநாள் போனில் நீ கேட்டாய்: "அம்மா, நீங்க மூணு பேரும் கனடா போனீங்களே, அங்க ரிச்சர்ட் அங்கிள்கிட்ட என்னதான் சொன்னீங்க? ஹவ் டிட் யூ கன்வின்ஸ் ஹிம்?" அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். அது பாத்திரம் கழுவிக்கொண்டே ஸ்பீக்கரில் சொல்லுகிற சங்கதி இல்லை. உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கே கோவையாக வரும். நீ தமிழ்ப் பள்ளியில் முக்கி முனகிப் படித்த தமிழ் இதற்குப் போதும். தடுக்கினால் நோராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படி. அவளுக்குப் பாதிதான் புரியும், ஆனால் அவள் வீட்டுக் கதைதான் இது.

நடந்த கோளாறுக்குக் காரணம் நான்தான். உனக்கும் நோராவுக்கும் மேலோட்டமாகத் தெரியும், முழுக்கத் தெரியாது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கப்போகும் சமயம், நம் ஊர் கோபியிலிருந்து உன் பெரியப்பா கூப்பிட்டார். "ஏனம்மணி, பொண்ணு எந்தக் கூட்டம்னு நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்லறது?" என்றார். நம் பக்கத்தில் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்கிற கேள்வி அது. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. வேறு கூட்டம் என்றால் மேற்கொண்டு பேசலாம். உன் அப்பா பக்கத்திலிருந்து, "ஏண்ணா, வெள்ளக்காரங்க நம்ம கூட்டமாவே இருந்துட்டா என்ன பண்றது, கல்யாணத்த நிறுத்திப்போடலாமா?" என்று கேட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. "வெளையாடாதடா. நம்ம பக்கம் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் போடறோம். பொண்ணு பக்கம் அப்பன் பேர மட்டும் போட்டு உட்டுட்டா, அவங்கள எளப்பமா நெனச்ச மாதிரி இருக்குமல்லோ?" என்றார். தாரை வார்க்கும்போதும் இரண்டு பக்கத்து மூன்று தலைமுறைப் பெயரையும் மேடையில் உரக்கச் சொல்லுவது நம் வீட்டு வழக்கம், பெண்ணைப் பெற்றவர் தன் பக்கத்தை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றும் நினைவுபடுத்தினார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் செய்த விதம்தான் தப்பு. ஹாலில் மாட்டியிருக்கிறதே உன் அப்பா வீட்டு வம்ச மரம், கண்ணாடி போட்டு, வேரிலிருந்து கிளை வரை பெயர் பெயராக, அதைப் போட்டோ எடுத்து நோராவின் அப்பா ரிச்சர்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: உங்கள் தந்தை, பாட்டனார், பூட்டனார் பெயர், பூர்விக ஊர், குலம், எல்லாம் இந்த வெள்ளிக்கிழமைக்குள் தேவை. ஆஸ்பத்திரி லேபில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த புத்தி எங்கே போகும்? ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். ஒரு ஸ்மைலிகூடப் போடவில்லை.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மரியாதையாக ஒரு பதில் வந்தது. உங்கள் குடும்பம் பெரிய குடும்பம், பார்க்கவே பிரமிப்பாக இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்கு நான் விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அந்தத் தண்ணீர் ஊற்றுகிற சடங்கை என் மனைவி சூசனின் தம்பி செய்யட்டும். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நோரா வந்து நம் சமையலறையில் நின்று அழுதாள். "எங்க அப்பா உயிரோட இருக்கும்போது வேற ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக் குடுக்கணுமா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். நீ அப்போது வேலை விஷயமாக டெக்ஸஸில் இருந்தாய். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன், அவளும் சொல்லாமல் பாதி குடித்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பெண் நம் வீட்டுக்கு வரக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று. கொடுத்துவைத்திருக்க வேண்டியது நாம்.

மறுநாளே உன் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சசெக்ஸ் பக்கம் மலையடிவாரத்தில் வீடு. சூசன் முழங்காலில் கட்டோடு வந்து கதவைத் திறந்தாள். "கீழே இருக்கார். வருத்தமா இருந்தா மிஷினைக் கழற்றிப் போடுவார்" என்றாள். பேஸ்மென்ட்டில் ரிச்சர்ட் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் ஊரார் வீட்டு ஹீட்டரைப் பழுது பார்த்தவர். ரிட்டயர் ஆன பிறகு நல்லா ஓடுகிறதைப் பிரித்துப் பார்க்கிறார். நான் சுற்றி வளைக்கவில்லை. நான் கேட்ட விதம் தப்பு, மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்க ஒண்ணும் தப்பாக் கேக்கல. என்கிட்டத்தான் பதில் இல்ல. எங்க தாத்தா ஆல்பர்ட் கனடாவுல, கியூபெக்ல ஒரு பண்ணை வீட்டுப் பையன். அப்பனையும் மாட்டையும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்தவர். மாசசூசெட்ஸ்ல ஒரு நூல் மில்லுல சேந்தார். திரும்பிப் போகவே இல்ல, ஒரு வரி எழுதல. நான் பள்ளிக்கூடத்துல எதையாவது பாதியில விட்டா, எங்கப்பா, 'ஓடுகாலி வம்சம்தானே நாம'ம்பார். உங்க ஆளுங்க முந்நூறு பேர் முன்னாடி, நீங்க அந்த மரத்தை வாசிச்ச பிறகு, நான் எழுந்து நின்னு என்ன சொல்றது? ஓடிப்போனவனோட பேரன்னா?"

உன் அப்பாதான் பேசினார். "அப்ப வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துருவோம். எங்க ஊர்ல கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ள வீட்டுக்காரங்க பொண்ணு வீடு பாக்கப் போறது முறைங்க. நாங்க இன்னும் பாக்கல" என்றார். ரிச்சர்ட், "இதுதான் பொண்ணு வீடு, பாத்துட்டீங்களே" என்றார். "இது நீங்க வாங்குன வீடு. உங்க காடு பூமியப் பாக்கோணும்" என்றார் உன் அப்பா. முப்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷன், அந்த பேஸ்மென்ட்டில் திடீரென்று கோபிச் சந்தைக்குப் போய்வருகிறவர் மாதிரிப் பேசினார். ரிச்சர்ட் தலையை ஆட்டினாரே தவிர சரி என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "நீங்க நிஜமாத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

இடையில் நோரா தேடினாள். அந்த வேலையை அவள் எவ்வளவு பொறுமையாகச் செய்தாள் என்று நீ பார்த்திருக்கிறாய். கியூபெக்கில் ஊர் ஊராக மாதா கோயிலில் நடந்த கல்யாணங்களை எழுதி வைத்திருக்கிறார்கள், இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்றாள். ஒரு கல்யாணத்தை எடுத்தால் பிள்ளையின் அப்பா அம்மா, பெண்ணின் அப்பா அம்மா பெயர் இருக்கும். அதை வைத்து அவர்கள் கல்யாணத்தைத் தேடினால் அதற்கும் முந்தின தலைமுறை. ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகலாம். ஒருநாள் பிளானோவில் நீ வீடு தேடிக்கொண்டிருந்த லேப்டாப்பிலேயே எனக்குக் காட்டினாள். எல்லாருக்கும் தொழில் உழவு என்று எழுதியிருந்தது. அதைவிட எனக்கு ஆச்சரியம், ஒவ்வொரு மனைவியும் பிறந்த வீட்டுப் பெயரோடு அதில் இருந்தாள். கல்யாணம் ஆகிவிட்டதே என்று அடித்துவிடவில்லை. நான் போய் நம் ஹாலில் நின்று வம்ச மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பதினோரு தலைமுறை. ஒரு பெண்பிள்ளை பெயர் கிடையாது. ஆம்பளைகளே பெற்று, ஆம்பளைகளே வளர்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இத்தனை வருஷமும் அதற்குத் துணி போட்டுத் துடைத்தவள் நான், எனக்கே இது கண்ணில் படவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன், "நான் எந்தக் கிளைல தொங்கறனுங்க?" என்று. பாவம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிஜமாகவே தேடினார்.

நோரா ஊரைக் கண்டுபிடித்துக் கோயில் அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். அந்தக் குடும்பம் இன்னும் அதே நிலத்தில்தான் இருக்கிறது, பேசிப் பாருங்கள் என்று நம்பர் கொடுத்தார்கள். லூசி என்று ஒரு அம்மாள். ஆல்பர்ட்டின் அண்ணன் பேத்தி. அதாவது ரிச்சர்டுக்குச் சகோதரி முறை, நோராவுக்கு அத்தை. வாங்க என்றாளாம், வேறெதுவும் கேட்கவில்லையாம்.

மே மாதக் கடைசியில் கிளம்பினோம். சூசனால் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. நீங்கள் இருவரும் லீவு போட முடியவில்லை. எனவே நாங்கள் மூன்று பேர்தான். கட்டுச்சோறு இல்லாமல் பயணம் ஏது? புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினேன். ரிச்சர்ட் முதலில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார், ஆல்பனி தாண்டுவதற்குள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். பார்டரில் அந்த அதிகாரி எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டபோது உன் அப்பா, "பெண் வீடு பார்க்கப் போகிறோம்" என்று ஆங்கிலத்தில் அப்படியே சொல்லித் தொலைத்தார். அவர் மூன்று பாஸ்போர்ட்டையும் முன்னும் பின்னும் திருப்பி, "எந்தப் பெண்?" என்றார். ரிச்சர்ட் முன் சீட்டிலிருந்து, "என் பெண். இவங்க என் குடும்பம்" என்றார். அதை அவர் வேறு வழியில்லாமல் சொன்னாரோ என்னவோ, எனக்குப் பின் சீட்டில் கண் கலங்கிவிட்டது. அதிகாரி விட்டுவிட்டார்.

லூசியின் வீடு செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரைச் சாலையில் இருக்கிறது. எழுபது வயது இருக்கும், ரப்பர் பூட்ஸோடு மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தாள். தட்டித் தடுமாறி ஆங்கிலம் பேசினாள். பட்டாணி சூப் வைத்திருந்தாள். கெட்டியாக, தாளிக்காத பருப்பு மாதிரி இருந்தது, நல்ல பசிக்கு அமிர்தமாக இறங்கியது. ரிச்சர்ட் சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கடைசியில் அவளைப் பார்த்து நேராகக் கேட்டுவிட்டார். "எங்க தாத்தாவைப் பத்தி இந்த வீட்டில் என்ன சொல்லுவாங்க? மறைக்காமச் சொல்லுங்க. ஓடிப்போனவன்னுதானே?"

லூசி புரியாமல் பார்த்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்று வெளியே கூட்டிப்போனாள்.

கண்ணு, அந்த நிலத்தை நான் எப்படிச் சொல்லுவேன். ஒரு புடவையை உலர்த்தப் போட்ட மாதிரி இருந்தது. அகலம் கொஞ்சந்தான், நீளம் கண்ணுக்கெட்டிய தூரம். பக்கத்துக்காரன் நிலமும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. எல்லாம் ஆற்றில் ஆரம்பித்து உள்ளே மரக்கூட்டம் வரை போகின்றன. ரிச்சர்ட், "யாரு இப்படிக் கோணலா வெட்டுனது?" என்று கேட்டார். எனக்கும் உன் அப்பாவுக்கும் அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு முனை வேண்டும். அந்தக் காலத்தில் இந்த ஆறுதான் அவர்களுக்கு ரோடும். ஒருத்தனுக்கு ஆற்றோரம், ஒருத்தனுக்கு மேடு என்று பிரித்தால் மேட்டுக்காரன் செத்தான். நம் ஊரில் வாய்க்கால் பாசனக் காட்டை அண்ணன் தம்பிகள் பிரித்தாலும் இப்படித்தான், வாய்க்காலில் ஆளுக்கொரு மடை விழுகிற மாதிரி நீளவாக்கில் வகுப்பார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் துண்டு இளைத்துக்கொண்டே வரும். உன் அப்பா சாலையோரம் நின்று இந்த வரப்பையும் அந்த வரப்பையும் பார்த்தார். "இதுக்கு மேல வகுந்தா ஏரு திருப்ப முடியாதுங்க" என்று ரிச்சர்டிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

லூசி வேகமாகத் தலையாட்டினாள். "அதேதான். எங்க தாத்தாவும் ஆல்பர்ட்டும் ரெண்டே பையன்கள். அவங்க அப்பா ரெண்டாப் பிரிக்கப் போனார். பாதியில பத்து மாடு மேயாது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. ஆல்பர்ட்தான், எனக்கு வேண்டாம், எல்லாத்தையும் அண்ணனே வச்சுக்கட்டும்னு சொல்லிட்டு, அறுவடை முடியற வரைக்கும் கூட இருந்து எல்லா வேலையும் செஞ்சுட்டுக் கிளம்பினார். அவங்க அப்பாவே படகுத்துறை வரைக்கும் போய் வழியனுப்பினாராம்." ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று ரிச்சர்ட் கேட்டார். "எப்படி எழுதுவார்? எழுதத் தெரியாதே. இங்கேயும் யாருக்கும் படிக்கத் தெரியாது" என்றாள் லூசி. பிறகு கையை நீட்டிக் காட்டினாள். நிலத்தின் பின்கோடியில், மரங்களுக்கு முன்னால், புல் நெஞ்சளவு நின்றது. "அது ஆல்பர்ட்டோடது" என்றாள்.

ரிச்சர்ட் விளங்காமல், "ஆல்பர்ட்டோடதா இருந்ததா?" என்று கேட்டார். "இருந்தது இல்ல. இப்பவும் அதுக்குப் பேரே அதுதான். ஆல்பர்ட்ல புல்லு முத்திருச்சு, ஆல்பர்ட்ல வேலி சாஞ்சு கெடக்கு, அப்படித்தான் சொல்லுவோம். என் பேரன் நேத்துக்கூட ஆல்பர்ட்லதான் டிராக்டர் ஓட்டினான். அவனுக்கு ஆல்பர்ட் யாருன்னு தெரியாது, நான்தான் சொல்லிக் குடுக்கணும்" என்று சிரித்தாள். நம் ஊரிலும் காட்டுக்கு இப்படித்தானே பேர் வைப்போம். காடு என்றால் நீ ஃபாரஸ்ட் என்று நினைத்துக்கொள்வாய். எங்களுக்குக் காடு என்றால் விளைகிற பூமி. மாரப்பன் காடு, சின்னாத்தா காடு. செத்து மூன்று தலைமுறை ஆனவர்களை மாடு மேய்க்கும்போது தினம் நாலு தடவை கூப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ரிச்சர்ட் தொப்பியைக் கழற்றினார். தனியாகவே அந்தப் புல் வரைக்கும் நடந்து போனார். நாங்கள் பின்னால் போகவில்லை. தூரத்தில் அவர் குனிவது தெரிந்தது, மண்ணைத் தொட்டாரா, ஷூ லேஸைக் கட்டினாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. லூசியைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா இது தெரியாமலே போயிட்டாரே" என்று மட்டும் சொன்னார். அவள் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். பிறகு நாலு பேரும் உள்ளே போய், ஆறிப்போன சூப்பைச் சுடவைத்துச் சாப்பிட்டோம். ரிச்சர்ட் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். உன் அங்கிளிடம் நாங்கள் என்ன சொன்னோம் என்று கேட்டாயே, ஒன்றும் சொல்லவில்லை, கண்ணு. திரும்பி வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அவராகவே, "அந்தத் தண்ணீரை எந்தக் கையால ஊத்தணும்?" என்று கேட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் உனக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். அந்த நிலத்தில் நின்றபோது உன் அப்பா என்னிடம் மெதுவாக, "நானும் அண்ணனும் மட்டும் என்ன புள்ள" என்றார். உனக்கு இது தெரியாது. நம் ஊரில் இருந்த பூமி இரண்டு பேர் பிழைக்கப் போதாது. உன் அப்பாவுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்த வருஷம், தன் பங்கைப் பெரியப்பாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். நான் மனசுக்குள் பொருமினேன். இங்கே வந்து முதல் பனிக்காலத்தில் ஹீட்டர் சரியில்லாத அபார்ட்மென்ட்டில் நடுங்கியபோதெல்லாம், அங்கே ஒருத்தர் நம்ம பூமியில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். சொகுசு! மழை பெய்யாத வருஷம், மஞ்சள் விலை படுத்த வருஷம், உன் தாத்தா படுக்கையில் கிடந்த நாலு வருஷம், எல்லாவற்றையும் தாங்கினது அவர். நாம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய் இளநீர் குடித்துவிட்டு வந்தோம்.

அதுவல்ல என்னை அங்கே குத்தியது. உன் பெரியப்பா ஒவ்வொரு போனிலும் என்ன சொல்லுவார், யோசித்துப் பார். "தம்பி காட்டுல இந்த வருசம் மஞ்ச போட்டிருக்கறன்." "தம்பி காட்டுல மயிலு வந்து அழிச்சுப்போட்டுது." முப்பது வருஷமாக நான் இதைக் கேட்டிருக்கிறேன். எந்தப் பக்கத்துக் காடு என்று அடையாளத்துக்குச் சொல்லுகிறார் என்றுதான் நினைத்தேன். எழுதி வாங்கிக்கொண்ட பூமியை ஒரு தடவைகூட என் காடு என்று அந்த வாய் சொன்னதில்லை. இதை விளங்கிக்கொள்ள நான் ஒன்பது மணி நேரம் காரில் போய், பிரெஞ்சு பேசுகிற ஒரு அம்மாள் வீட்டில் பட்டாணி சூப் குடிக்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பியதும் பெரியப்பாவுக்குப் போன் பண்ணி, நன்றி சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். வரவில்லை. "மாமா, தம்பி காட்டுல இப்ப என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "கடலை அம்மணி. ஏன், என்ன திடீர்னு?" என்றார். சும்மாதானுங்க என்றேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று உண்டென்றால் இதுதான்: சொந்தக்காரர்கள் சுற்றி வளைத்துத்தான் அன்பைச் சொல்லுவார்கள், விவசாயிகள் பயிர் நிலவரத்தில் சொல்லுவார்கள். காதைத் தீட்டி வைத்துக்கொள். நோராவின் அப்பா உன்னைக் கூப்பிட்டு உங்கள் வீட்டு ஃபர்னஸ் ஃபில்ட்டர் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டால், அவர் ஃபில்ட்டரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. மாற்றிவிட்டுப் பதில் சொல்.

கல்யாணத்தன்று மேடையில் நடந்தது நீ பார்த்ததுதான், ஆனால் மாலையும் புகையுமாக நீ என்ன பார்த்திருப்பாய். பெரியப்பா எழுந்து நம் பக்கத்துப் பெயர்களைச் சொன்னார், எல்லாம் ஆம்பளைகள். பிறகு ரிச்சர்ட் மைக்கை வாங்கினார். பட்டுவேட்டி இடுப்பில் நிற்காது என்று பயந்து உள்ளே பெல்ட் போட்டிருந்தார். கையில் சீட்டு எதுவும் இல்லை. "நோரா, ரிச்சர்டுக்கும் சூசனுக்கும் மகள்" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பா பெயரோடு அம்மா பெயரும், அவள் பிறந்த குடும்பத்தின் பெயரும் வந்தது. முந்நூறு பேரில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு, அப்புறம் கைதட்டல். கடைசியில், "ஆல்பர்ட், உழவர். அண்ணன் பிழைக்கட்டும்னு தன் நிலத்தைக் குடுத்துட்டு வந்தவர்" என்று நிறுத்தினார். பெரியப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் ஓடாது. "என்ன சொல்றாரு அம்மணி?" என்று என் பக்கம் குனிந்தார். நான் சொன்னேன். உன் அப்பா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ரிச்சர்ட் செம்பைத் தூக்கியபோது கை ஆடியது, தண்ணீர் வெளியே தளும்பியது. சூசன் பிடித்தும் நிற்கவில்லை. முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் தொடக் கூடாது. பெரியப்பா, நம் வீட்டில் முறையைக் கரைத்துக் குடித்தவர், அவர்தான் முன்னால் போய் ரிச்சர்டின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். உன் உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் அப்படி விழுந்தது.

எனக்கு யார் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதத் தெரியாத ஆல்பர்ட்டுக்கு. அவர் பெயரை வாயில் வைத்திருந்த லூசி வீட்டாருக்கு. கோபித்துக்கொண்டு போய்விடாமல் பத்து நாளில் போனை எடுத்த ரிச்சர்டுக்கு. உப்புக் காபி குடித்த உன் பெண்டாட்டிக்கு. உன் பெரியப்பாவுக்கு நன்றி சொல்லத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அடுத்த தையில் ஊருக்குப் போய், அவரோடு போய்க் கடலை பிடுங்கலாம் என்றிருக்கிறேன். உன் அப்பாவுக்கும் நான் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. லட்டு டப்பாவை ஒளித்து வைக்காமல் இருக்கிறேன், அவருக்குப் புரியும்.

போன வாரம் நீங்கள் கிளம்பினபோது, கார் நிறையப் பெட்டிகளோடு நீ மறுபடி இறங்கி வந்து என் காதில், "சாரி அம்மா, இவ்ளோ தூரம் போறேன்" என்றாய். எனக்கு அப்போது வாயைத் திறந்தால் அழுகை வரும் போலிருந்தது, அதனால் பேசவில்லை. நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாயோ என்று ஒரு வாரமாக மனசு அரித்துக்கொண்டிருக்கிறது. கோபமில்லை, சாமி. வந்தவர்கள் கேட்டால் நான் சொல்லுவது இதுதான்: என் மகன் பிளானோவில் இருக்கிறான், நாங்கள்தான் வாசலில் நின்று கையசைத்து அனுப்பி வைத்தோம்.

அம்மா